எஸ்எம்எஸ் மென்பொருளா, நோட்டும் போனுமா? ஒரு பல் கிளினிக் அனுபவம்

கம்பத்தில் ஒரே நாற்காலி வைத்துப் பல் கிளினிக் நடத்துகிறேன். விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். குமுளியிலிருந்து மலையாளம் பேசுகிறவர்களும் இறங்கி வருவார்கள். வலி வந்தால் தானாக வரட்டும் என்றிருந்த என் நினைப்பை மாற்றியது ஒரு அக்காவின் பல்.

வேர் சிகிச்சை முடிந்து வலி நின்றதும் கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) போட வராமல் போய்விட்டார். எட்டு மாதம் கழித்து, உடைந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், ஈறுக்கு அடிவரை பிளந்திருந்தது. பிடுங்கத்தான் முடிந்தது. நரம்பெடுத்த பல்லில் சுவர் மெலிந்திருக்கும், கேப் இல்லாமல் கடித்தால் பிளந்துவிடலாம். அன்றைக்குச் சொல்லி அனுப்பினேனே தவிர, பிறகு ஒருமுறைகூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அதன்பின் முதலில், பாக்கி சிகிச்சையை நினைவூட்டி எஸ்எம்எஸ் அனுப்பும் மென்பொருள் வாங்கினேன். வேலை மிச்சம், உண்மை. ஆனால் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்துதான் அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் அதே வரி. ரீசார்ஜ், கடன் செய்திகளுக்கு நடுவே அதுவும் கிடக்கும்.

இப்போது நீள நோட்டு. பெயர், எந்தப் பல், என்ன பாக்கி, தமிழா மலையாளமா, எத்தனை மணிக்குக் கூப்பிடலாம் என்று கட்டம் போட்டிருக்கிறோம். பகலில் தோட்டத்தில் பாதி இடத்தில் டவர் இருக்காது, அதனால் இரவு ஏழு மணிக்கு மேல்தான். வரவேற்பில் இருக்கும் தங்கை, "அக்கா, வலி இல்லைன்னு விட்டுடாதீங்க, கேப் பாக்கி இருக்கு" என்பாள். "சனிக்கிழமைதாம்மா சம்பளம்" என்று பதில் வரும். எனக்கு இந்தப் பதில்தான் பெரிது. பணமா, லீவா, ஊசி பயமா என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரம் கொடுக்கலாம், இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளலாம். எஸ்எம்எஸ்ஸில் இது ஒன்றும் திரும்பி வராது. சர்க்கரை உள்ளவர்களை ஈறு பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைப்பதும் இதே நோட்டில்தான்.

நோட்டுக்குத் தினமும் அரை மணி நேரம் ஆள் வேண்டும். தங்கை இரண்டு வாரம் லீவு போட்டபோது அது அப்படியே கிடந்தது. வேறு யாராவது போனை எடுத்தால் சிகிச்சை விவரம் சொல்லக்கூடாது என்பதையும் பழக்க வேண்டியிருந்தது. மூன்று நான்கு டாக்டர்கள் இருக்கும் பெரிய கிளினிக்கில் நோட்டு தாங்குமா என்று நான் சொல்ல முடியாது. அங்கே மென்பொருளே சரியாக இருக்கலாம்.

இன்றைய பக்கத்தில் ஒன்பது பெயர். நான்கு பேர் ஞாயிறு வருகிறார்கள். எடுக்காத ஒருவர் பெயருக்கு எதிரே, 'நாளை மறுபடியும்'.