கை நனைஞ்சா சுருங்குதுன்னு போனா 18,000 ரூபா பேக்கேஜ், மண்டபம் பாம்பன் பக்கம் உள்ளவங்க உஷார்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்னு ஊர் ஊரா இலவச தோல் முகாம் நோட்டீஸ் குடுத்துட்டு ஒரு க்ளினிக்காரங்க சுத்துறாங்க. பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் விடுவானுங்க, அதனால விஷயத்த மட்டும் சொல்லிடுறேன்.

எங்க அக்கா மகளுக்கு பாத்திரம் கழுவ உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல உள்ளங்கை வெளுத்து வீங்கி, பொடிப்பொடியா மேடு தட்டி, சுருங்கிப்போய் எரியும், தொடச்சிட்டு விட்டா கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே இருக்காது. அக்கா பாசி எடுக்க கடலுக்குப் போறவ, நாள் முச்சூடும் உப்புத்தண்ணியில கெடந்தும் அவ கைக்கு இப்படி ஆனதில்ல, புள்ளைக்கு குழாத்தண்ணிக்கே இந்தப் பாடு.

முகாம்ல காஞ்ச கைய டார்ச் அடிச்சுப் பாத்துட்டு பூஞ்சை, ஒட்டிக்கும், கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிருங்கன்னான். அந்தக் கல்யாணப் பேச்சுலதான் அக்கா விழுந்துட்டா. பாதி அட்வான்ஸ் வாங்கிட்டு லேபிளே இல்லாத வெள்ளை டப்பா ஒண்ணு குடுத்தானுங்க. தடவத் தடவ மணிக்கட்டுல தோலு மெலிஞ்சு நரம்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு, கேட்டா உள்ள இருக்குற விஷம் வெளிய வருதாம்!

ஜி.ஹெச் தோல் ஓ.பி டாக்டரம்மா ஒரு மக்குல பச்சத்தண்ணி புடிச்சு கைய உள்ள விடும்மான்னாங்க, அவ்ளோதான். பேசிட்டு இருக்கும்போதே கை வெளுத்துருச்சு. அக்வாஜெனிக் கெரட்டோடெர்மாவாம், அபூர்வம்தான், சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் கூடுதலா வருமாம், யாருக்கும் தொத்தாது. உள்ளங்கை ரொம்ப வேர்க்குமா, செலகாக்சிப் மாதிரி வலி மாத்திரை போடுறியா, அடிக்கடி சளி இருமல் புடிக்குமான்னெல்லாம் கேட்டாங்க, ஏன்னா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பரம்பரை நோய் இருக்கவங்களுக்கு இது கூடுதலா வருமாம். ராத்திரி காஞ்ச கையில தடவ அலுமினியம் குளோரைடு லோஷன் எழுதிக் குடுத்தாங்க, இப்ப எவ்வளவோ தேவல. டப்பாவப் பாத்துட்டு ஸ்டீராய்டாத்தான் இருக்கும், தடவுறத நிறுத்துன்னாங்க.

அட்வான்ஸக் கேட்டுப் போனா பில்லு எங்கங்குறான், குடுத்திருந்தால்ல இருக்கும். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம்னு இருக்கோம், இதே ஆளுங்ககிட்ட காசு குடுத்தவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, அந்த டப்பாவ மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க.