ஜப்பானில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை என்று சொல்லி ரூ. 1,85,000 போனது: குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கவனத்துக்கு

என் தங்கச்சிக்கு ஜப்பானில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, நாகர்கோவிலில் உள்ள ஒரு மொழிப் பயிற்சி மையம் எங்களிடம் ரூ. 1,85,000 வாங்கியது. வேலை கிடைக்கவில்லை, தேர்வு எழுதவில்லை, பணமும் திரும்பவில்லை. நேற்று நேரில் கேட்கப் போனால் அதே மாடியில் 'ஜெர்மனியில் நர்ஸ் வேலை, சேர்க்கை நடைபெறுகிறது' என்று புது போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து யார் வீட்டு நகை அடகுக்குப் போகப் போகிறதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு. மழை பிடித்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. நான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தங்கச்சி ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் பத்தாவது படிக்கும்போதே சொன்னது. எங்கள் தெருவில் வளைகுடா போகாத வீடே இல்லை. இவள்தான் ஜப்பான் என்று பிடிவாதமாக இருந்தாள். யூடியூப் பார்த்து ஹிரகானா என்ற ஜப்பானிய அடிப்படை எழுத்து முழுவதும் தானாகவே எழுதப் படித்திருந்தாள். உழைக்கக்கூடிய பிள்ளை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே தெரியும்.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் அவள் நம்பர் கொடுத்த மறுநாளே மையத்தில் இருந்து ஒரு 'சார்' வீட்டுக்கே வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த கட்டன் சாயாவை வாங்கிக் குடித்தார். "அப்பா, உங்க பிள்ளை என் தங்கச்சி மாதிரி. மூணு மாசத்துல என்4 முடிச்சிரும், ஆறாவது மாசம் டோக்கியோல ஸ்டாஃப் நர்ஸ். மாசம் ஒண்ணரை லட்சம் கைல நிக்கும்" என்றார். என்4 என்பது ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் கீழிருந்து இரண்டாவது நிலை. அப்புறம் ஒரு தாளை எடுத்து தங்கச்சியின் பெயரைக் கடகானா என்ற ஜப்பானிய எழுத்தில் பெரிதாக எழுதி அம்மா கையில் கொடுத்தார். அம்மா அதை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் அவரை நம்பினோம். வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, அப்பா என்று கூப்பிடுகிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

முதலில் சேர்க்கைக்கு ரூ. 35,000. அடுத்த மாதம் 'சிஓஇ புராசஸிங்' (ஜப்பான் விசாவுக்கான தகுதிச் சான்றிதழ்) என்று ரூ. 1,00,000. அம்மாவின் தாலிச் சங்கிலியும் என் வளையலும் அதற்காகத்தான் அடகுக்குப் போயின. பிறகு 'கம்பெனி இன்டர்வியூ' என்று ரூ. 50,000. மொத்தம் ரூ. 1,85,000. முதல் தொகைக்கு மட்டும் ரசீது, அதிலும் 'ஸ்போக்கன் ஜாப்பனீஸ் வகுப்பு' என்றுதான் இருக்கிறது. மீதி எல்லாம் ஒரு பெண்ணின் பெயரில் உள்ள ஜிபே நம்பருக்குப் போனது. "அக்கா, அது எங்க அக்கவுண்டன்ட் நம்பர்தான்" என்று சொன்னார்கள்.

வகுப்பு என்று நடந்தது முன்பே பதிவு செய்த வீடியோ. சந்தேகம் கேட்டால் குரூப்பில் கட்டைவிரல் படம் வரும். டிசம்பர் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்றார்கள். ஹால் டிக்கெட் வரவில்லை. ஜூலைக்கு மாற்றியிருக்கிறோம் என்றார்கள். ஜேஎல்பிடி தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவைதான், ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை. நமக்குச் சென்னையில் மையம் உண்டு. அதற்குப் பல மாதம் முன்பே ஆன்லைனில் பதிவு முடிந்துவிடும். அந்த ஜூலை ஞாயிறும் போனது. அவள் பெயரை இவர்கள் பதிவே செய்யவில்லை.

கேட்டதற்கு ஒரு சான்றிதழை நீட்டினார்கள். தங்க நிற ஓரம், வட்ட முத்திரை, 'என்4 தரத்துக்கு இணையானது' என்ற வரி. கையெழுத்து அந்த மையத்தின் இயக்குநருடையது! உண்மையான சான்றிதழை ஜப்பான் அரசு சார்ந்த ஜப்பான் ஃபவுண்டேஷனும் ஜப்பான் எஜுகேஷனல் எக்ஸ்சேஞ்சஸ் அண்ட் சர்வீசஸும் சேர்ந்து தருகின்றன. இன்னொருவர் அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு விசா ஆபீசில் மதிப்பு கிடையாது.

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாவின் நம்பர் எங்கள் சர்ச் ஃபாதர் மூலம் கிடைத்தது. அவர் போனில் அரை மணி நேரம் பேசியதில்தான் எங்களுக்கு முழு விவரமும் புரிந்தது. ஜப்பானில் நர்ஸாக வேலை பார்க்க அந்த நாட்டு தேசிய நர்சிங் தேர்வை ஜப்பானிய மொழியிலேயே எழுதித் தேற வேண்டும். நம் நாட்டில் படித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே அந்த மொழித் தேர்வின் உச்ச நிலையான என்1 தேவை. என்4 வைத்துக்கொண்டு போகக்கூடியது முதியோர் பராமரிப்பு வேலை. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த எஸ்எஸ்டபிள்யூ என்ற திறன் தொழிலாளர் விசாவில் அது வருகிறது. இந்தியாவோடு 2021 ஜனவரியில் ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது. அதற்கு என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற இன்னொரு ஜப்பானிய மொழித் தேர்வு, கூடவே பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்புக்கான மொழித் தேர்வு, இத்தனையும் வேண்டும். முதல் கட்ட விசாவில் பொதுவாக மொத்தம் ஐந்து வருஷம்தான், குடும்பத்தைக் கூட்டிப்போகவும் முடியாது. நல்ல வேலைதான், என் தங்கச்சி அதையும் சந்தோஷமாகச் செய்வாள். ஆனால் எங்களிடம் விற்றது ஸ்டாஃப் நர்ஸ் வேலை. இந்த வித்தியாசத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஒரு லட்சம் எதற்கு என்றும் அந்தச் சென்னை அம்மாவிடம் கேட்டோம். சிஓஇ என்பது ஜப்பான் குடிவரவுத் துறை தரும் சான்றிதழ். அங்கே வேலைக்கு எடுக்கும் நிறுவனமோ சேர்க்கும் பள்ளியோ தன் தரப்பில் விண்ணப்பித்து வாங்குவது. அந்த விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் கிடையாது. தேர்வே எழுதாத, எந்த நிறுவனமும் எடுக்காத பிள்ளைக்கு என்ன சிஓஇ?

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அங்கே ஆரம்பித்தது அடுத்த கூத்து. போன் போட்டால் "சார் மீட்டிங்ல இருக்காங்க அக்கா". நேரில் போனால் ஹெட் ஆபீஸ் சென்னை, மெயில் போடுங்கள். மெயில் போட்டால் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து சாயா குடித்த அதே ஆள் ஒரு நாள் போனை எடுத்து, "உங்க தங்கச்சி ஒழுங்கா படிக்கல, அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றான். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து தூங்காமல் காஞ்சி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்தை எழுதிப் பார்த்த பிள்ளையைச் சொல்கிறான்! தங்கச்சி பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை. பணத்தை விட அந்த வார்த்தைதான் அதிகம் வலிக்கிறது.

அதோடு விடவில்லை. இன்னும் மூன்று லட்சம் கட்டினால் மாணவர் விசாவில் அனுப்புகிறோம், அங்கே பார்ட் டைம் பார்த்தே கடனை அடைத்துவிடலாம் என்றார்கள். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. பள்ளிக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு போக அதில் என்ன மிஞ்சும்? மறுத்தவுடன் குரூப்பில் இருந்து தங்கச்சியை நீக்கிவிட்டார்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டி, ரூ. 1,85,000-ஐயும் முழுங்கப் பார்க்கிறார்கள். அந்த ரசீது 35,000-க்கு மட்டும்தான்.

எஸ்பி ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். என்ன செய்யலாம், எப்படித் திட்டமிடலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள்.

தேர்வுக்கு உங்கள் பெயரை நீங்களே பதியுங்கள், உங்கள் மெயிலுக்கு உறுதி வர வேண்டும். யாராவது பதிந்து தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும்; மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட சேவைக் கட்டணமாக ரூ. 30,000-மும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தனி ஆள் ஜிபேக்குப் பணம் போடவே போடாதீர்கள். போட்டுவிட்டால் அன்றைக்கே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அடியுங்கள். ஆரம்பப் பாடங்கள் ஜப்பான் ஃபவுண்டேஷன் இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன, மாதிரிக் கேள்வியும் உண்டு. முதலில் அதைப் படித்துப் பாருங்கள், பணம் கட்டுவது அப்புறம்.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடப் போகிறோம். இதே மாதிரி அங்கே கட்டியவர்கள் தக்கலை, கருங்கல் பக்கமும் இருப்பதாகக் கேள்வி. ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கொடுத்த சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்னும் குரூப்பில் இருப்பவர்கள் இன்றைக்கே அரட்டையை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். மையத்துக்காரர்கள் தாங்கள் அனுப்பிய மெசேஜ்களை அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள், எங்களிடம் பாதிதான் மிஞ்சியிருக்கிறது.