கியூபெக் நகரில் ஒரே பகல்: மேல் ஊரா, கீழ் ஊரா?

கனடாவின் கியூபெக் நகரின் பழைய பகுதி இரண்டாக இருக்கிறது: குன்றின் மேலே மேல் ஊர், அடிவாரத்தில் ஆற்றோரம் கீழ் ஊர். கையில் ஒரு பகல்தான் இருக்கிறது, இரண்டில் எதைப் பார்ப்பது என்று தடுமாறுபவர்களுக்காக எழுதுகிறேன்.

பார்க்க:
மேலே, 1893இல் திறந்த ஷாட்டோ ஃப்ரொன்ட்னாக் ஹோட்டல், அதை ஒட்டி ஆற்றைப் பார்த்தபடி நீளும் பலகைத் தளம், சுமார் 4.6 கி.மீ. கோட்டை மதில், கொஞ்சம் தள்ளி 1759இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்ற ஆபிரகாம் சமவெளி.
கீழே, 1608இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி ஷாம்ப்ளேன் ஊரைத் தொடங்கிய இடம். பிளாஸ் ருவாயால் சதுக்கத்தில் அந்தச் சின்னக் கல் தேவாலயத்துக்கு எதிரே சும்மா நின்றாலே போதும், எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

செலவு:
மேலே மதிலோரம் நடக்கக் காசு வேண்டாம்.
கீழே சந்துகளும் இலவசம்தான், ஆனால் பெட்டி ஷாம்ப்ளேன் தெருக் கடைகள் பர்ஸைத் திறக்க வைத்துவிடும்.

கால்வலி:
மேலே ஏற்றம் அதிகம்.
கீழே சமதளம், கல் பாவிய தெரு.

வயதானவர்களோடு போனால் கீழ் ஊர். போர், கோட்டை என்று ஆர்வமுள்ளவர்களுக்கு மேல் ஊர். இரண்டும் வேண்டுமா? சரி, காலையில் கூட்டம் சேருமுன் கீழே முடித்துவிட்டு, படியேறாமல் இழுவை ரயிலில் மேலே போய்விடுங்கள்.