அம்மாவோடு ஸ்பிட்டி: மேற்கு மாம்பலத்துக் குழு ஒன்றின் பதினோரு நாள் பயணம்

போன செப்டம்பரில் அம்மாவை இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அம்மாவுக்கு 63 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறவர், அதுவரை பார்த்த பெரிய மலை கொடைக்கானல்தான். ஏற்பாடு செய்தது மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையிலிருந்து இரண்டு பேர் நடத்துகிற சின்னக் குழு. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவது நீங்கள் யாரோடு போனாலும் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய விஷயம்: ஒவ்வொரு ராத்திரியும் உங்களை எந்த உயரத்தில் படுக்க வைக்கிறார்கள் என்பது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு ஆள் மூலம் தம்பியும் நானும் இதே ஸ்பிட்டிக்குக் கிளம்பினோம். மணாலியில் ஒரு ராத்திரி, மறுநாளே சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரம். மணாலி சுமார் 2,050 மீட்டர், சந்திரதால் 4,300க்குப் பக்கம். 2020ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோதாங் கணவாய் ஏறாமலே மறுபுறம் போய்விடலாம், அதனால் இந்தத் தாவல் ரொம்பச் சுலபமாகத் தெரிகிறது, உடம்புக்கு மட்டும் அது சுலபமில்லை. தம்பி ராத்திரி முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. கூட வந்தவர் "நிறைய தண்ணி குடிங்க, காலைல சரியாயிடும்" என்பதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. விடிந்ததும் வண்டியைத் திருப்பச் சொல்லி நாங்களே இறங்கினோம், பாதி வழியிலேயே தலைவலி விட்டுவிட்டது. பயணமும் போச்சு, கட்டின பணமும் போச்சு.

இந்தத் தடவை போனது சிம்லா பக்கமாக. சண்டிகர் வரை விமானம், அன்றைக்கே சிம்லா. அடுத்து சரஹான், அப்புறம் கல்பாவில் இரண்டு ராத்திரி. கல்பா 2,960 மீட்டர், தபோ 3,280, காசா 3,700க்குப் பக்கம். மூவாயிரம் மீட்டரைத் தாண்டினால் படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற பொது விதி, காசா வரை இவர்கள் திட்டம் அதற்கு அப்படியே ஒத்துப்போகிறது. நாகோவில் மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கலாமா என்று நாலு பேர் கேட்டார்கள், அந்தச் சின்ன ஏரியும் கிராமமும் அவ்வளவு அழகு. ஆனால் நாகோ தபோவைவிட உயரம், 3,600 மீட்டரைத் தாண்டிவிடும். "சாப்பிடலாம், தூங்க வேண்டாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கிளம்பும் முன்பே அம்மாவின் ஒரு வாரத்து பிபி கணக்கைக் கேட்டு வாங்கினார்கள், உயர நோய்க்கான மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்றார்கள். கல்பாவிலிருந்து தினம் சாயந்திரம் எல்லோர் விரலிலும் ஆக்சிமீட்டர் மாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். குழு சார்பில் கூட வந்த பெண் அம்மாவோடேயே நடந்தாள். "அம்மா, மெதுவா வாங்க, நம்மள யாரும் துரத்தல" என்று அவள் சொன்னதை அம்மா இப்போது வீட்டு மாடிப்படியிலும் சொல்லிக்கொண்டு ஏறுகிறார்.

தபோ மடாலயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பயணத் திட்டங்களில் அதற்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மண் பூசிய சுவர்கள், அவ்வளவுதான், ஏதோ களஞ்சியம் போல இருக்கும். கட்டியது கி.பி. 996ல். அப்போது நம் ஊரில் ராஜராஜன் ஆட்சி. தஞ்சைப் பெரிய கோயில் 1010ல் முடிந்தது, அதற்குப் பதினான்கு வருடம் முந்தியது இந்த மண் கட்டடம். அங்கே கருங்கல், இங்கே பச்சை மண், இரண்டும் நிற்கின்றன. பருவமழையை மலைகள் மறித்துவிடுவதால் ஸ்பிட்டியில் மழை மிகக் குறைவு, அதனால்தான் மண் சுவர் ஆயிரம் வருடம் தாங்கியிருக்கிறது.

உள்ளே ஒரே இருட்டு. கண் பழகச் சில நிமிஷம் ஆகிறது. அப்புறம் சுவரிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள்: ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சுதைச் சிற்பங்கள், முப்பதுக்கு மேல், தலைக்கு மேலே சுவரை ஒட்டி உட்கார்ந்த நிலையில். கீழே சுவர் முழுக்க ஓவியம். நீலம் இன்னும் நீலமாகவே இருக்கிறது. படம் எடுக்க அனுமதியில்லை, எனக்கு அது நல்லதாகவே பட்டது, எல்லோரும் போனைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். இடமிருந்து வலமாகச் சுற்ற வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவர் பிரகாரம் சுற்றுகிற மாதிரி கை கூப்பிக்கொண்டு ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.

காசாவில் மூன்று ராத்திரி ஒரு வீட்டில் தங்கினோம். கனமான மண் சுவர், நடுவில் தகர அடுப்பு. கழிப்பறை தண்ணீர் இல்லாத வகை, மேலே மண்ணை அள்ளிப் போட வேண்டும். ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மா பழகிவிட்டார், நாற்றமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, வீட்டுக்கார அம்மாள் பெரிய குக்கரில் ராஜ்மாவும் சாதமும் வைத்தார், ராத்திரியில் துக்பா என்கிற திபெத்திய நூடுல்ஸ் சூப். நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம் ஒரு நாள். எல்லோரும் படத்தில் பார்த்த இடங்கள்தான், நன்றாகவே இருந்தன. அடுத்த நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக். லாங்சாவில் குழந்தைகள் கல் புதைபடிவம் விற்க வருவார்கள், வாங்காதீர்கள் என்று வண்டியிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் கையை விரித்துக் காட்டினாள், கறுப்புக் கல்லில் சுருள் சுருளாக ஒரு சக்கரம். அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் "இது சாளக்கிராமம்டா" என்றார். உண்மைதான், எங்கள் தாத்தா வீட்டுப் பூஜையில் இருந்த நேபாளத்துச் சாளக்கிராமமும் இதே அம்மோனைட் வகைதான். இந்தத் தரை ஒரு காலத்தில் டெதிஸ் கடலின் அடி, அந்தக் கடல் உயிரின் ஓடு இப்போது 4,400 மீட்டரில் கிடக்கிறது. அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார், கூடவே பையிலிருந்த கடலை மிட்டாயும். ஹிக்கிம் தபால் நிலையத்திலிருந்து எங்கள் மாம்பலம் விலாசத்துக்கே ஒரு கார்டு போட்டோம், பதினேழு நாளில் வந்து சேர்ந்தது.

குறைகளும் உண்டு, அவர்களிடமும் சொல்லிவிட்டேன். குளிர் உடுப்புப் பட்டியலில் "கனமான ஜாக்கெட் மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும்" என்று போட்டிருந்தார்கள், ஆனால் இந்தப் பாதையில் மணாலி வருவது பத்தாம் நாள். பழைய திட்டத்துப் பட்டியலை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். நான் கிளம்பும் முந்தைய நாள் தி.நகர் முழுக்க அலைந்து அம்மாவுக்கு ஒன்று வாங்கினேன். டெம்போ டிராவலரின் கடைசி வரிசை கல்பா பக்கத்துக் கின்னோர் ரோட்டில் முதுகை ஒடித்துவிடும், இடம் மாற்றி உட்கார வைப்பதை முதல் நாளிலிருந்தே செய்திருக்கலாம். மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது என்பதும் சிம்லா போன பிறகுதான் தெரிந்தது. விமானம் தவிர ஒருவருக்கு 38,500 ரூபாய் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

பெரிய குறை சந்திரதால் கூடாரம். காசாவிலிருந்து அங்கே போகும் வழியில் குன்சும் கணவாயில் டிரைவர் வழக்கப்படி கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினார், மூன்று ராத்திரி காசாவில் இருந்துவிட்டதால் அந்த உயரத்தில் ஒருவருக்கும் தலைவலி இல்லை. தம்பி அவதிப்பட்ட அதே இடத்தில் அம்மா ஏரிக்கரை வரை நடந்து போய் வந்தார். ஆனால் ராத்திரி கொடுத்த ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை) மெல்லியது, ஓரத்தில் ஈரம் வேறு. நான் என்னுடையதையும் அம்மா மேல் போட்டுவிட்டு ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். காலையில் கூட வந்த பெண்ணிடம் சொன்னபோது சாக்குச் சொல்லவில்லை, ரஜாயை அவளே தொட்டுப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். சென்னை வந்த நாலாம் நாள் அந்த ராத்திரிக்கான பணம் ஆளுக்கு 1,500 ரூபாய் திரும்ப வந்தது, உடுப்புப் பட்டியலையும் திருத்திவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஜூலையில் லடாக்கின் ஜான்ஸ்கர் போகிறார்களாம். தம்பி சேர்ந்துவிட்டான்.