டிராப் டியூப் மாற்ற ஆள் அமர்த்தும் டீசல் பங்க் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நாமக்கல்லில் எங்கள் லாரிகளுக்காக நாங்கள் நடத்தும் டீசல் பங்கில், நிலத்தடி டேங்கில் டீசலை அடிப்பகுதி வரை இறக்கும் குழாயான டிராப் டியூப் அரித்துப் போனதால், அதை மாற்றும் வேலையை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் செய்துவிட்டுப் போன வேலை பண நட்டத்தோடு நிற்காமல் தீ விபத்துக்கே இடம் வைத்திருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

புதுக் குழாய் போட்ட பின் வந்த முதல் லோடு இறங்கும்போதே டேங்குக்குள் டீசல் அருவிபோல் விழும் சத்தம் கேட்டது. டேங்கின் ஆவி வெளியேறும் வென்ட் பைப்பில் நெடி தாங்க முடியவில்லை. ஒப்பந்தக்காரரை அழைத்துக் கேட்டதற்கு, "டீசல்தானே சார், பெட்ரோலா தீப்பிடிக்க?" என்றார். இந்தியத் தர நிர்ணயத்தின்படி டீசலின் தீப்பற்று நிலைக்கு, அதாவது நெருப்புப் பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலைக்கு, உள்ள கீழ் வரம்பு வெறும் 35 டிகிரி செல்சியஸ்தான். கோடை வெயிலில் நின்று வரும் டேங்கரில் அந்தச் சூட்டை டீசல் எளிதில் எட்டிவிடும். உயரத்திலிருந்து கொட்டும் டீசல் தெறித்து, ஆவியையும் நிலைமின்சாரத்தையும் ஒருசேர உண்டாக்கும். அதனால்தான் குழாயின் வாய் நன்றாக மூழ்கும் வரை ஓட்டத்தின் வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். குழாய் குட்டையாக இருந்தால் அந்த வாய் மூழ்கவே நெடுநேரம் ஆகும்.

வேறொரு ஃபிட்டரை வைத்துக் குழாயை வெளியே எடுத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. டேங்கின் விட்டம் 2,000 மி.மீ., அதற்கு மேல், டீசல் ஊற்றும் ஃபில் பைப்பின் கழுத்து 600 மி.மீ.; ஆகவே மொத்த ஆழமான 2,600-இல் அடியில் 150 மி.மீ. இடைவெளி விட்டு 2,450-க்கு வெட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரோ டிப் ராடு (ஆழம் அளக்கும் கம்பி) விட்டு அளக்காமல், வரைபடத்தில் உள்ள விட்டத்தை மட்டும் பார்த்து 1,850-க்கு வெட்டியிருந்தார். வெட்டிய வாயில் ஹேக்ஸாவின் பிசிறு அப்படியே சுருள் சுருளாக நின்றது. உதிர்ந்த அலுமினியத் தூள் பம்பின் ஃபில்டரில் வந்து அடைத்திருந்தது. மேல் விளிம்புக்கு அடியில் கேஸ்கெட்டே இல்லை, பில்லில் மட்டும் அதற்கு விலை போட்டிருந்தது.

இத்தனையையும் காட்டிய பிறகும் அவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாறாக, குறைந்த நீளத்துக்கு ஒரு பிவிசி துண்டை ஒட்டித் தருவதாகச் சொன்னார். மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் துண்டில் சேரும் மின்னூட்டம் எர்த்துக்கு இறங்க வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும் என்பதால் மறுத்துவிட்டோம். கடைசியில் ஒரே நீளமாகப் புதுக் குழாய் வாங்கிப் பொருத்தினோம்.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள், ஃபில் பைப்பின் வாயிலிருந்து டேங்கின் அடி வரை டிப் ராடு விட்டு எடுத்த அளவை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். வெட்டிய குழாயை உள்ளே இறக்குவதற்கு முன் தரையில் கிடத்தி, விளிம்பின் அடிப்பக்கத்திலிருந்து வாய் வரை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். வாய் சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் சாய்வின் மேல் முனை வரைதான் கணக்கு. வெட்டுவாயை அரம் போட்டு வழவழப்பாக்கி, கேஸ்கெட் வைத்துப் பொருத்தி, அடுத்த லோடு சத்தமில்லாமல் இறங்கிய பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.