சோறு ஆறுவதற்கு ஒரு மரத்தொட்டி

போன ஆகஸ்டில் வாங்கிய ஹங்கிரியைப் பற்றி இப்போதுதான் எழுதத் தோன்றுகிறது. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் பார்த்தால்தான் மரச்சாமானின் குணம் தெரியும்.

ஹங்கிரி என்பது ஜப்பானியர்களின் சுஷிக்கு, அதாவது காடி (வினிகர்) சேர்த்த சோற்று உணவுக்கு, சோற்றைக் கலந்து ஆறவைக்கும் தட்டையான மரத்தொட்டி. என்னுடையதற்கு விட்டம் 30 சென்டிமீட்டர், வெளியே இரண்டு செப்பு வளையங்கள். டோக்கியோவின் காப்பாபாஷியில் வாங்கினேன். தவராமாச்சி நிலையத்தில் இறங்கி நடந்தால் ஒரு கட்டடத்தின் உச்சியில் சமையல்காரரின் ராட்சதத் தலை தெரியும். அங்கிருந்து தெரு நெடுகப் பாத்திரக் கடைகள்தான். விலை 6,000 யென்னுக்குச் சற்று மேல். "சோறு கிளறத் தொட்டியா? வீட்டில் பேசின் இல்லையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பேசின் இருந்தது. அதில்தான் ஒரு வருடம் சுஷி செய்து பார்த்தேன். காடி ஊற்றிக் கிளறியதும் எவர்சில்வரின் அடியில் ஈரம் தேங்கிவிடும். மேலே உள்ள சோறு காய, அடியில் உள்ளது குழைய, சுருட்டி வெட்டினால் கத்தியோடு வந்துவிடும். மரம் அந்த மிகுதி ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. புளியோதரைக்குத் தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி விசிறுவோமே, அதே வேலைதான். ஆனால் கிளறக் கூடாது. அகப்பையைச் சாய்த்துப் பிடித்து வெட்டுவதுபோல் கலக்க வேண்டும். நான் அளக்கும் கணக்கு: 360 மில்லி அரிசிக்கு 60 மில்லி அரிசிக் காடி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. கடையில் கலந்தே விற்கும் சுஷிக் காடி சிலவற்றில் மீன் சாறு உண்டு. சைவக்காரர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். தொட்டியை நனைக்காமல் சுடுசோற்றைக் கொட்டிவிட்டேன். பாதிச் சோறு மரத்தோடு ஒட்டிக்கொண்டது, காடியையும் மரமே குடித்துவிட்டது. அரைமணி நேரம் தண்ணீர் நிரப்பி வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் சோற்றைப் போட வேண்டும். ஜனவரியில் அடுத்த கூத்து. ஹீட்டர் பக்கத்தில் காய வைத்தேன். காலையில் கீழ்வளையம் கழன்று தரையில் கிடந்தது. போயிற்று 6,000 யென் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் பதறவே இல்லை. வளையத்தை மாட்டி, தொட்டியைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். மாலைக்குள் மரம் ஊதி, வளையம் பழையபடி கவ்விக்கொண்டது. சோப்பு போடக் கூடாது. நிழலில்தான் உலர வேண்டும். ஜூன் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும் என்கிறார்கள், அதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

கூடவே வாங்கிய, சுஷி சுருட்டும் மூங்கில் பாய் அருமை. தட்டையான பக்கம் மேலே வர விரித்து, நோரி என்ற கடற்பாசித் தாளின் பளபளப்பான முகத்தைக் கீழே வைத்து, எதிர்ப்புற ஓரத்தில் இரண்டு விரல் அகலம் சோறு படாமல் விட்டால் சுருள் பிரியாது. பிளாஸ்டிக் அச்சுப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். அது வெறும் தண்டம். சோற்றை நசுக்கிச் செங்கல் ஆக்குகிறது.

எங்கள் வீட்டில் மீன் கிடையாது. வெள்ளரிக்காய், இல்லையென்றால் கன்ப்யோ. கன்ப்யோ வேறொன்றுமில்லை, ரிப்பன்போல் சீவிக் காயவைத்த சுரைக்காய். உப்புப் போட்டுப் பிசைந்து கழுவி, மெத்தென்று வெந்ததும் சோயாவும் சர்க்கரையும் சேர்த்து வற்றவிட்டால், என் மகன் சுருட்டுவதற்கு முன்பே பாதியைத் தின்றுவிடுவான்.

நான்கு பேருக்கு இந்த அளவுத் தொட்டி போதும். ஒருவருக்காக மட்டும் செய்பவர்கள் வாங்க வேண்டாம். கொஞ்சம் சோறு இவ்வளவு அகலத்தில் சட்டென்று ஆறி விறைத்துவிடும்.

போன வாரம் வீட்டுக்காரர், "இதிலேயே புளியோதரை கலந்தால் என்ன?" என்று கேட்டார். தொடவிடவில்லை. மஞ்சளும் நல்லெண்ணெயும் அந்த வெள்ளை மரத்தில் இறங்கினால் போகவே போகாது. அதற்குத்தான் பேசின் இருக்கிறதே.