காய்ந்த கொல்லையில் புல் மருந்து அடிக்கச் சொன்னால் நம்பாதீர்கள்

மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். விதைத்த பிறகு மழை நின்றுபோய், புல் மண்டிக் கிடக்கும் கொல்லைக்காரர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டம். ஆடி மழையில் விதைத்தோம், முளைப்பு நன்றாக வந்தது, அதோடு மழை போய்விட்டது. வரிசைக்கு நடுவே காக்காகால் புல்லும் குதிரைவாலிப் புல்லும் கிளம்பின. களைக்கு ஆள் கிடைக்கவில்லை. வருஷக்கணக்காக வாங்கும் மருந்துக்கடைக்குப் போய், "கொல்லை காய்ஞ்சு கிடக்கு, இப்ப அடிச்சா மருந்து கேட்குமா?" என்று நேராகவே கேட்டேன்.

"தைரியமா அடிங்கண்ணே. வெயிலுக்கு மருந்து இன்னும் வேகமா புடிக்கும். ஒரே வாரத்துல புல்லு கருகிடும்" என்றார் கடைக்காரர். குயிசாலோபாப் எத்தில் 5 சதம் என்ற புல் கொல்லி மருந்தைக் கொடுத்தார். கேட்காமலே ஒட்டு திரவமும் டானிக்கும் சேர்த்து வைத்தார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதித் தந்தார். பாட்டிலை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத்தான் கொடுத்தார். அதோடு இருக்க வேண்டிய விளக்கத்தாள் கைக்கு வரவே இல்லை.

இந்த மருந்து வேலை செய்திருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் புல்லின் குருத்தைப் பிடித்து இழுத்தால் சுலபமாக உருவிக்கொண்டு வரும். அடிப்பக்கம் பழுப்பேறி அழுகியிருக்கும். எங்கள் கொல்லையில் இழுத்துப் பார்த்தால் குருத்து கெட்டியாக நின்றது. அடி வெள்ளையாக, நல்ல உயிரோடு இருந்தது. இலை ஓரம் லேசாக மஞ்சள் தட்டியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு மழை பெய்ததும் ஒவ்வொரு தூரும் பக்கத்தில் புதுத் தூர் கட்டிக்கொண்டு எழுந்தது.

திரும்பவும் கடைக்குப் போனேன். "புல்லுக்கு மருந்து பழகிடுச்சுண்ணே, டபுள் டோஸ் போடுங்க" என்றார். அதுதான் எனக்கு ஆத்திரம். ஏனென்றால் கொல்லையின் கிழக்கு ஓரத்தில் பக்கத்து நிலத்து மோட்டார் பைப் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும். அதே நாள், அதே டேங்க் தண்ணீர், அதே காக்காகால் புல். அந்த ஓரத்தில் மட்டும் புல் மொத்தமும் செத்துக் கிடந்தது. மருந்து போலி என்றாலோ, புல்லுக்குப் பழகிவிட்டது என்றாலோ, அங்கேயும் பிழைத்திருக்க வேண்டாமா? பழகிப்போன புல் என்றால் செத்த தூர்களுக்கு நடுவே அதே ஜாதிப் புல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பி நிற்கும். ஈரம் இருந்த இடம் சாகவும் காய்ந்த இடம் பிழைக்கவும் காரணம் வறட்சிதான்.

விஷயம் இதுதான். இது பட்ட இடத்தைக் கருக்கும் மருந்து இல்லை. இலை வழியாக உள்ளே போய், செடியில் சத்து ஓடும் பாதையிலேயே குருத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே புது வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு உண்டாவதைத் தடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் தவிக்கும் புல் இலையைச் சுருட்டிக்கொள்கிறது. மேலே மெழுகு தடித்து, தூசியும் படிந்திருக்கும். துளி சரியாகத் தங்காது, உள்ளே இறங்குவதும் குறையும். இறங்கினாலும் உள்ளே ஓட்டம் மந்தம். வளர்ச்சியே நின்றுபோன குருத்தில் மருந்துக்குத் தடுக்க என்ன இருக்கிறது? ஒட்டு திரவம் இலைமேல் துளியைத் தங்க வைக்கலாம். வளராத புல்லை அது வளர வைக்காது. டபுள் டோஸும் அப்படித்தான், காசுக்குக் கேடு. கடலைக்கு ஏக்கருக்கு 300 முதல் 400 மில்லிதான் அளவு, 200 லிட்டர் தண்ணீரில்.

ஆகவே, மழையோ தண்ணீரோ கிடைத்து, இரண்டு மூன்று நாளில் புல் இலை விரிந்து பசேலென்று ஆன பிறகு, இரண்டிலிருந்து நான்கு இலைப் பருவத்துக்குள் அடியுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் இந்த மருந்து கேட்காது, அதையும் கடையில் சொல்ல மாட்டார்கள். மழையே வரவில்லையா, மருந்துக் காசைக் கொத்துக்குப் போடுங்கள். காய்ந்த மண்ணில் கொத்திப் போட்ட புல் திரும்ப வேர் பிடிக்காமல் வெயிலிலேயே சாகும். ஆனால் விதைத்த 45 நாளுக்குள் முடித்துவிடுங்கள். காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கிய பின் மண்ணைக் கிளறினால் காய் போய்விடும். எங்களுக்கு நடந்த நஷ்டமே அதுதான், மருந்தை நம்பிக் காத்திருந்ததில் கொத்துகிற பருவம் தவறிப்போனது. மருந்து பட்ட புல்லை ஆட்டுக்கு அறுத்துப் போடாதீர்கள்.

வாங்கும்போது மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எழுதிய முறையான பில் கேளுங்கள். அதைக் கொடுப்பது கடைக்காரரின் கடமை. விளக்கத்தாளோடுதான் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். எங்களைப் போல ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போடாமல், புல் செத்த இடத்தையும் பிழைத்த இடத்தையும் களை எடுப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பில்லே இல்லாத என் புகாரை அங்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள், ஆனால் எந்தக் கடையில் வாங்கியது என்பதற்கு என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான்.